பயிரின் பசியும் அதன் குறிகளும்

பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்றியமையாத தாதுச் சத்துக்கள் 14 ஆகும். இவற்றுள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்றையே நாம் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குகிறோம். ஆயினும் எந்த ஒரு சத்து மிகக் குறைந்திருக்கிறதோ, அதன் அளவுக்கே மகசூல் நிற்கும். மற்றவை மிகுந்திருந்தும் பயனில்லை. ஆகையால் குறை இன்னதென்று அறியாமல் கடன் வாங்கி உரமிடுபவருக்கு உரமும் வீண், வட்டியும் வீண்.

வேர் உணரும் விதம்

வேர் கிடைத்ததை உறிஞ்சுவதோடு நில்லாது. அதிலுள்ள சில புரதங்கள் சத்தை உள்ளே செலுத்துவதுடன், மண்ணில் அச்சத்து எவ்வளவு உண்டென்பதையும் உணர்கின்றன. மணிச்சத்துக் குறைந்தவிடத்து வேர்மயிர்கள் நீண்டு பெருகும். மண்ணோடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கும் அமிலங்களைப் பல பயிர்களின் வேர்கள் கசியவிடும்.

கடுகினத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2014-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் கண்டது பின்வருமாறு: வேரின் ஒரு பாகத்துக்குத் தழைச்சத்துக் கிடையாவிடில், அப்பாகம் ஒரு சிறு புரதத்துணுக்கை மேலே அனுப்புகிறது. அதனைப் பெற்ற இலை, சத்துள்ள பக்கத்து வேர் அதிகமாக எடுத்துக்கொள்ளும்படி மறுசெய்தி விடுக்கிறது. ஓர் அங்கத்தினர் குறையைப் பிறர் நிரப்பும் இம்முறை நம் சங்கத்தார்க்குப் புதிதன்று.

இலை காட்டும் குறி

பசித்த பயிர், முதிர்ந்த இலையிலுள்ள தழை, மணி, சாம்பல் சத்துக்களை எடுத்துக் குருத்துக்கு ஊட்டும். ஆகவே இவற்றின் குறைவு அடியிலையிலேயே முதலில் தோன்றும். நெல்லில் அக்குறிகளாவன:

தழைச்சத்து: அடியிலை நுனியிலிருந்து மஞ்சளாகும்.

மணிச்சத்து: இலை கரும்பச்சையாய்க் குறுகி நிற்கும், தூர் குறையும்.

சாம்பல்சத்து: அடியிலையின் நுனியும் ஓரமும் பழுத்துக் காயும்.

இரும்பும் கந்தகமும் எளிதில் இடம்பெயரா. அவை குறைந்தால் இளம் இலைகளே முதலில் வெளுக்கும்.

ஓர் உதாரணம்

இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பிரதேசத்தில், நட்ட சில வாரங்களுக்குள் நெற்பயிர் துருநிறப் புள்ளிகள் படர்ந்து குன்றிப் போவதுண்டு. இதற்குக் ‘கைரா’ நோய் என்று பெயர். பந்த்நகரில் டாக்டர் ஒய். எல். நேனே, இது கிருமியால் வந்ததன்று, துத்தநாகக் குறைவால் வந்தது என்று 1966-ஆம் ஆண்டில் அறிவித்தார். இத்தகைய பயிருக்குப் பூஞ்சண மருந்து எத்தனை முறை தெளித்தாலும் குணமாகாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், களர் நிலத்திலும், ஓயாது நீர் தேங்கும் வயலிலும் இக்குறை ஏற்படும். தமிழ்நாட்டில் இதற்கு நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து தூவும்படி சிபார்சு செய்யப்படுகிறது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. உரக்கடன் மனு எழுதுமுன் வயலில் இறங்கி, குறி அடியிலையில் உள்ளதா, குருத்தில் உள்ளதா என்று பார்க்க.

2. நீர்த்தேக்கமும் பூச்சியும் பயிரை மஞ்சளாக்கும். வேரைப் பிடுங்கிப் பார்த்து அவற்றை முதலில் விலக்குக.

3. குறி தோன்றுமுன்னரே மகசூல் குறையத் தொடங்கிவிடும். ஆதலால் அறுவடை முடிந்ததும் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புக.

குறை இன்னதென்று அறிந்து வாங்கும் கடன் விளைச்சலால் தீரும். அறியாமல் வாங்கும் கடன் அடுத்த போகத்துக்கும் தொடரும்.