மெல்லச் செல்லும் வண்டி

நியூயார்க் நகரில் கிழக்காற்றின்மேல் வில்லியம்ஸ்பர்க் தொங்குபாலம் அமைந்துள்ளது. 1903-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலம் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கின்றது. ஒரு கரையில் நிலத்தடியிலும், மறுகரையில் உயர்ந்த தூண்களின்மேலும் ஓடும் மின்சார வண்டிகள் அதன் வழியே ஆற்றைக் கடக்கின்றன.

பாலத்தில் வண்டி மெல்ல ஊர்வதைக் கண்டு, அலுவலுக்கு விரையும் பயணிகள் சலிப்புறுவர். 'பாலம் முதுமையால் தளர்ந்ததோ?' என ஐயுறுவாரும் உளர். அவ்வையத்திற்கும் இடமுண்டு. 1988-ஆம் ஆண்டில் அதன் இரும்புறுப்புகள் துருவால் அரிக்கப்பட்டிருந்தமை கண்டறியப்பெற்றது. பாலம் சில காலம் மூடப்பட்டது. பின்னர்ப் பல்லாண்டுகள் முயன்று அதனைப் பழுதுபார்த்தனர்.

ஆயினும், வேகக் குறைப்பிற்கு வேறொரு பெருங்காரணமும் உண்டு. 1995-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் காலையில், பாலத்தின்மேல் நின்றிருந்த வண்டியின்மீது பின்வந்த வண்டி மோதியது. அதன் ஓட்டுநர் உயிர் துறந்தார்; பலர் காயமுற்றனர். பின்வந்த வண்டி சிவப்பு விளக்கைக் கடந்ததும் தடைக்கருவி தானே இயங்கிற்று. எனினும் வண்டி உரிய தொலைவிற்குள் நிற்கவில்லை. விளக்குகளின் இடைவெளி 1918-ஆம் ஆண்டு வண்டிகளுக்கென வகுக்கப்பெற்றது. பிற்கால வண்டிகளோ எடையும் விரைவும் மிக்கவை. அவை நிற்பதற்கு அவ்விடைவெளி போதவில்லை.

அதன்பின் அந்நகர வண்டிகளின் வேகம் குறைக்கப்பட்டது. குறித்த நேரத்திற்குமுன் விரைந்து வரும் வண்டிக்கு வழிவிடாத விளக்குகளும் பல இடங்களில் நிறுவப்பட்டன.

விரைந்து செல்லும் ஆற்றல் மட்டும் போதாது. வேண்டுமிடத்தில் நிற்கும் ஆற்றலும் வேண்டும். பயணிகள் இழப்பது சில நிமிடங்களே. காக்கப்படுவதோ அவர்தம் உயிர்.