டயாலிசிஸ் செய்பவருக்குக் குளிர்காய்ச்சலா? காத்திருக்காதீங்க!

உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்துகொள்கிறார்களா? அவருக்குக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், மாத்திரை கொடுத்துவிட்டு "அடுத்த டயாலிசிஸ் அன்னைக்குச் சொல்லிக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஏன் இந்த அவசரம்?

கழுத்து வழியாகப் போடும் டயாலிசிஸ் குழாயின் உள்முனை, இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயில் இருக்கிறது. தோலில் உள்ள கிருமி அதன் வழியே நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இதய வால்வு, எலும்பு வரை தொற்று பரவலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வு, மனக்குழப்பம் மட்டும் வரலாம்.

வீட்டில் என்ன செய்யணும்?

● கழுத்துக் குழாய்: கட்டு நனையக் கூடாது. மின்சார ரயில் நெரிசலில் வியர்த்து ஈரமானாலோ, பிரிந்தாலோ டயாலிசிஸ் நர்ஸிடம் சொல்லி மாற்றுங்கள். குழாயின் மூடியை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

● கையில் ஃபிஸ்டுலா: ஊசி போடும் முன் சோப்பால் கையைக் கழுவுங்கள். சிவப்பு, வீக்கம், வலி, சீழ் தெரிந்தால் உடனே காட்டுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்க விடாதீர்கள்.

● வயிற்று வழி டயாலிசிஸ்: பை மாற்றும்போது ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள், கைகளை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். வெளிவந்த நீர் கலங்கலாக இருந்தால் கொட்டிவிடாமல், அந்தப் பையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது

"இவர் டயாலிசிஸ் நோயாளி, கழுத்துல குழாய் இருக்கு" என்று சொல்லுங்கள். ரத்தத்தில் என்ன கிருமி என்று பரிசோதிக்க மாதிரி எடுத்த பிறகே பொதுவாக ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

மழைக்கு முன்பே

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள் மருந்து, டயாலிசிஸ் பைகளை உயரமான இடத்தில் வையுங்கள். வெள்ளம் வந்தால் எங்கே டயாலிசிஸ் செய்வது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அரசின் உதவி

05.08.2021 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. இரண்டு எண்களோடு உங்கள் டயாலிசிஸ் பிரிவின் எண்ணையும் இன்றே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.