மலர்ப்பாத்திக்கு ஏற்ற குட்டைக் கள்ளிகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் முகப்பில் கள்ளிப் பாத்தி அமைப்போர் முதற்கண் விலக்க வேண்டியது சப்பாத்திக் கள்ளியாகும். அதன் மடலொன்று மண்ணில் விழினும் வேரூன்றும். கனியுண்ணும் பறவைகள் விதையைப் பரப்பும். முற்காலத்தில் அது சென்னை மாகாணத்தின் புன்செய்களையும் மேய்ச்சல் தரைகளையும் அடைத்துக்கொண்டது. 1926-ம் வருஷம் இலங்கையினின்று தருவிக்கப்பட்ட, மடலின் சாற்றை உறிஞ்சும் காக்சினீல் பூச்சியே அதனை அடக்கிற்று.

பாத்திக்கு மாமில்லேரியா, ஜிம்னோகாலிசியம் ஆகிய இனங்கள் உசிதமானவை. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே நின்று மலரும். பின்னதற்குப் பிற்பகல் நிழல் அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜலம் தேங்கின் வேர் அழுகும். ஆகையால் பாத்தியை ஒரு முழம் உயர்த்தி, மண்ணுடன் உடைகல்லும் பருமணலும் மிகுதியாய்க் கலந்து நிரப்புதல் வேண்டும். நட்டபின் ஒரு வாரம் வரை ஜலம் விடலாகாது.