பியானோவில் பக்தி இசை எழுதப் புறப்படும் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் ஆராதனைக்கு வாசிக்கிற பிள்ளைகள் சிலர் இப்போது சொந்தமாகவும் எழுதிப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் வசனம், பிறகுதான் கட்டை. உங்களை விடாமல் பிடித்திருக்கிற ஒரு வசனத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் இசையும் நிற்கும். "விசுவாசம்" என்று பொதுவாக எழுத உட்கார்ந்தால் சினிமாப் பின்னணி இசைதான் வரும்.

2. துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது 107ஆம் சங்கீதம், 23 முதல் 30 வரையான வசனங்கள். கப்பலேறிப் போனவர்கள் புயலில் தள்ளாடி, கர்த்தரைக் கூப்பிட்டு, கடைசியில் துறை சேர்கிறார்கள். எழுதுகிறவர்கள் எல்லாரும் அலையில் போய் விழுகிறார்கள். இடது கையில் ஓயாத உருட்டல். பவோலா ஊர்ப் புனித பிரான்சிஸ் கடல்மேல் நடந்த கதையை 1863இல் ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு எழுதினார். அங்கேயும் அலை உறுமும், ஆனால் பாட்டு அதில் முங்காது. அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இந்தச் சங்கீதத்தின் கனம் காற்று அடங்கிய இடத்தில் இருக்கிறது. ஓர்கனில் விரல் இருக்கும்வரை சத்தம் நிற்கும். பியானோவில் அடித்த கணமே தேயத் தொடங்கும். இரண்டே சுரம் அடித்து, பெடலை மிதித்தபடி, அது முழுதாகத் தேயும்வரை காத்திருங்கள். கீபோட்டில் வயலின் சத்தத்தைச் சேர்த்து அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள்.

3. கமகம் பியானோவில் வராது. தோடி, சகானா பக்கம் போகவேண்டாம். சங்கராபரணம், கீரவாணி, மோகனம் உட்காரும். மோகனத்திலும் கவனம் வேண்டும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. கைப்பழக்கத்தில் இடது கை எஃப், ஏ, சி என்று அமுக்கினால் ராகம் போச்சு. ஜி, பி, டி போட்டாலும் அப்படித்தான், நடுவில் பி இருக்கிறது. சி-யும் ஜி-யும் போதும் என்று இடது கையைக் கட்டிப்போடுங்கள்.

4. கோணேசர் கோயில் பாட்டைக் கிறிஸ்தவப் பிள்ளை கேட்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். தாராளமாகக் கேட்கலாம். சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகம் புறநீர்மைப் பண். ஓதுவார்கள் பூபாளத்தில் பாடுவார்கள். ஐந்தே சுரம், பியானோவிலும் அகப்படும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் சபைகளுக்குக் கீர்த்தனை கட்டியதும் இந்த ராகச் சொத்திலிருந்துதான்.

பிரான்ஸ் நாட்டு ஒலிவியே மெசியான் அழுத்தமான கத்தோலிக்கர். பாரிஸ் தேவாலயம் ஒன்றில் 1931 முதல் ஓர்கன் வாசித்தவர். குழந்தை இயேசுவைப் பற்றி 1944இல் பியானோவுக்கு 20 உருப்படிகள் எழுதினார். அவற்றில் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் சொல்லும் தேசி தாளங்களைப் பயன்படுத்தினார். அவரே நம்மிடம் கடன் வாங்கியிருக்க, நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? இந்துப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். பியானோ தேவாலயத்தின் தனிச்சொத்து அல்ல.

5. வாடைக்காலத்து ஈரத்தில் மரம் உப்பிச் சுருதி ஏறும், கட்டை ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்றில் காய்ந்து இறங்கும். காதுக்குச் சரியாக இல்லையென்றால் எழுதினதை வெட்டி எறியுமுன் பியானோவைச் சுருதி பாருங்கள்.

6. காணிக்கை நேரத்துக்கு எழுதுகிறவர்கள் நாலு பாருக்கு ஒருமுறை ஸட்ஜத்துக்கு வந்துபோகும்படி எழுதுங்கள். பை பீடத்துக்கு வந்துவிட்டால், உங்கள் கடைசிப் பக்கத்துக்காகப் போதகர் காத்துக்கொண்டிருக்க மாட்டார்.