பழைய எருவண்டியைப் பரிசோதித்தலும் பழுது பார்த்தலும்

உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பிய நாடு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய வருஷங்களிற் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுக்களில், ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் அமைக்கப்பட்ட விவரம் காணப்படுகிறது. கெட்ட பின் வருந்துவதினும் கெடுமுன் பார்வையிடுவது நலம் என்னும் அக்கொள்கை எருவண்டிக்கும் பொருந்தும். டிராக்டர் பெட்டிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், மாட்டு வண்டியை வைத்து வேலை செய்யும் சிறு விவசாயி இதனைக் கருத வேண்டும்.

மேல்நாடுகளில், சக்கரங்களின் சுழற்சியாலேயே எருவை இறைத்துச் செல்லும் தனி வண்டிகள் ஏற்பட்டன. இங்கோ வண்டி, கூடை, மண்வெட்டி ஆகிய மூன்றுமே அவ்வேலையைச் செய்து வந்தன. ஏக்கருக்கு 5 டன் தொழு எரு வேண்டும். நடைக்கு அரை டன் வீதம் 10 நடையாகும். 3 ஏக்கருக்கு 30 நடை. இடையில் அச்சு முறிந்தால் பருவம் தவறும். காளை விழுந்து கால் ஒடிந்தால் குடும்பத்தின் முதலே போய்விடும்.

வண்டி இக்காலத்திற் பழுதாவதற்குக் காரணமும் உண்டு. எரு கடத்துவது சித்திரை முதல் ஆனி வரையில். மரம் உலர்ந்து சுருங்குவதும் அதே மாதங்களில். வட்டை சுருங்கும், அதன்மேலுள்ள இரும்புப் பட்டை அவ்வாறு சுருங்காது. ஆகவே பட்டை தளர்ந்து ஆரக்கால்கள் ஆட்டங்கொள்ளுகின்றன.

பரிசோதிக்கும் முறை

காளைகளை அவிழ்த்த பின், ஏர்க்காலுக்கு உறுதியான முட்டுக் கொடுத்து, அச்சின் கீழ்க் கற்களை அடுக்கிச் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி நிறுத்த வேண்டும். முட்டு அசையாதென்று தெளிந்த பிறகே அருகிற் குனியலாம்.

1. சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி உள்ளும் புறமும் அசைக்க. அதிகமாக ஆடினால், குடத்தின் உள்ளிருக்கும் இரும்புக் குழலோ அச்சின் முனையோ தேய்ந்திருக்கிறது.

2. ஆரக்கால் ஒவ்வொன்றையும் சிறு கோலால் தட்டுக. உறுதியானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்ததும் வெடித்ததும் மந்தமாக ஒலிக்கும்.

3. கடையாணி தேய்ந்திருந்தால் உடனே மாற்றுக. அதற்குப் பதிலாகக் கம்பியைச் செருகி ஓட்டுவது, சக்கரம் கழன்றோட இடங்கொடுப்பதாகும்.

4. நுகம், ஏர்க்கால், கயிறுகள், அடிப்பலகைகள் ஆகியவற்றைப் பார்க்க. எருவின் ஈரமும் உப்பும் ஆணிகளை அரிப்பதால், பலகையின் அடிப்புறத்தையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பழுது பார்த்தல்

தளர்ந்த சக்கரத்தை இரவு முழுதும் நீரில் ஊறவைப்பது தற்காலிக உபாயமே. உலர்ந்தால் மீண்டும் தளரும். வெடித்த ஆரக்காலுக்கு, நன்றாக உலர்ந்த கருவேல மரத்திற் புதியது செய்து பூட்டுவதே முறை. பின்பு பட்டையைச் சிறிது குறுக்கி இணைத்துக் காய்ச்சி ஏற்ற வேண்டும். 15 அடி நீளமுள்ள பட்டை 500 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் ஓரங்குலத்துக்குச் சற்று அதிகமாக நீளும். அவ்வாறு நீண்ட நிலையில் வட்டையின்மேல் ஏற்றி நீர் வார்த்தால், அது சுருங்கி எல்லா உறுப்புக்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு வண்டிக்காரர் ஒரே நாளிற் கூடிக் கொல்லரையும் தச்சரையும் வரவழைத்தால், ஒரே நெருப்பில் யாவர் பட்டைகளும் காயும். விறகும் கூலியும் மிச்சமாகும். கூட்டுறவு என்பது கடன் வாங்குவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று.

பாரமும் பாதையும்

பாரம் முன்னே மிகுந்தால் காளைகளின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். பாரமேற்றிய வண்டியின் ஏர்க்கால் நுனி, ஒருவர் சிரமமின்றித் தூக்கும் அளவுக்கு இலேசாகக் கீழ்நோக்கி நிற்பதே சரி. எருவை இறக்கும்போதும் முன்பக்கத்தை முதலிற் காலி செய்தல் கூடாது.

ஏரிக்கரைச் சரிவில் அரைப் பாரத்துடன் மெதுவாக இறங்க வேண்டும். கற்சாலையில் இடது ஓரமாகவே செல்க. பின்புறத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்புத் தகடு அவசியம். 1965-ஆம் வருஷத்து மத்திய அரசாங்க விதிகளின்படி, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வண்டி மாடுகளை வேலை வாங்கலாகாது; 37 டிகிரிக்கு மேல் வெயிலடிக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டலாகாது.

மர வண்டியை டிராக்டரின் பின்னே கட்டி இழுப்பது பெரும் அபாயம். காளையின் நடைக்கென அமைந்த குடமும் அச்சும் அவ்வேகத்திற் சூடேறித் தேய்ந்து சிதறும்.

வயலில் இறக்கிய எருவைக் குவியலாக வெயிலிற் காயவிட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அன்றன்றே பரப்பி உழுதுவிடுக. மாலையில் வண்டியைக் கழுவி, வைக்கோற்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து அச்சில் இடுக. அந்தக் கால்மணி நேர வேலையே அடுத்த வருஷத்துக்கும் வண்டியைக் காப்பாற்றும்.