கடைக்குக் கருவி வந்தாச்சு. கணக்கு யார் பேரில்?



கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையாகட்டும், பண்ணைக்காடு பஸ் நிறுத்தமாகட்டும், பூம்பாறையில் கோயில் பக்கத்துப் பெட்டிக்கடையாகட்டும், பேரம் முடிந்ததும் இப்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, ஜிபே இருக்கா?" இல்லை என்று சொன்னால் சிலர் எடுத்த பொருளைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

"இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று இனிமேல் ஒதுங்க முடியாது. நம் குழுக்களில் பூண்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், காப்பித்தூள், தேன், சாக்லேட், தைலம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்காதவர்களும் கடையில் வாங்கத்தானே செய்கிறோம்? அதனால் இந்த மாதப் பாடம் கடைகளில் வந்திருக்கும் புதுக் கருவிகளைப் பற்றியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

என்னென்ன மாறியிருக்கிறது?

முதலில் தராசு. படிக்கல் போய் மின்னணுத் தராசு வந்துவிட்டது. அதற்கும் வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. வாங்கப் போகும்போது, பொருள் வைக்கும் முன் தராசில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது நம் உரிமை. விற்கும்போது அதை வாடிக்கையாளருக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பது நம் கடமை.

இரண்டாவது ரேஷன் கடை. 2017 ஏப்ரலில் நம் மாநிலத்தில் பழைய குடும்ப அட்டைக்குப் பதிலாக மின்னணு அட்டை வந்தது. 2020 அக்டோபரில் விரல்ரேகைக் கருவி வந்தது. அரிசி, சர்க்கரை போட்டால் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. பூண்டு உரித்து, மிளகு பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி சில நேரம் ஏற்பதில்லை என்ற சங்கடமும் இருக்கிறது.

மூன்றாவது பார்கோடு, அதாவது பாக்கெட்டில் இருக்கும் கறுப்புக் கோடுகள். உலகத்தில் முதன்முதலாகக் கடையில் பார்கோடு போட்டு விற்ற பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் அது விற்றது. இன்று வத்தலக்குண்டு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவதும் அதே முறையில்தான். 890 என்று தொடங்கினால், அந்தப் பார்கோடு எண்ணை வாங்கிய நிறுவனம் இந்தியாவில் பதிவானது என்று அர்த்தம். பொருள் இந்தியாவில் செய்ததா, நல்ல தரமா என்பதையெல்லாம் அது சொல்லாது.

நான்காவது பணம். இதுதான் பெரிய மாற்றம். 2016ல் யு.பி.ஐ. முறை வந்தது. அதே வருஷம் நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் நோட்டு இல்லாமல் ஜனங்கள் தவித்த சமயத்தில் இது வேகமாகப் பரவியது. 2020 ஜனவரியில் யு.பி.ஐ. பணத்துக்கு வியாபாரிகளிடம் பிடித்த கமிஷனை அரசு நீக்கியது. கொரோனா காலத்தில் நோட்டைத் தொடவே பயந்தோம், அப்போது இன்னும் பரவியது. இப்போது இளநீர்க் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது.

இதில் நமக்கு நன்மை உண்டு. சில்லறைத் தகராறு இல்லை. கள்ள நோட்டுப் பயம் இல்லை. ராத்திரி பணத்தோடு கடைசி பஸ்ஸில் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் சுற்றுலாப் பயணிகள் பையில் பணம் குறைவாக இருந்தாலும் வாங்குகிறார்கள்.

சுருக்குப்பையும் போனும்

ஆனால் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கிறது. முன்பு வாடிக்கையாளர் தந்த காசு நேராக நம் கைக்கு வந்தது. சுருக்குப்பையில் போனது, முந்தானையில் முடிந்தோம். அதில் குழுச் சந்தாவை எடுத்து வைத்தோம், பிள்ளைக்கு நோட்டு வாங்கினோம், நாளைய சரக்குக்கு ஒதுக்கினோம். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார். காசு எங்கே போகிறது? அந்த அட்டை எந்தப் பேங்க் கணக்கோடு சேர்ந்திருக்கிறதோ அந்தக் கணக்குக்குப் போகிறது. கடையில் உட்கார்ந்திருப்பது நாம். அட்டை இருப்பது மகன் பேரில், அல்லது வீட்டுக்காரர் பேரில். "ஸ்மார்ட் போன் அவன்கிட்டதானே இருக்கு, அவனே போட்டுக் குடுத்தான்" என்று பல சகோதரிகள் சொல்கிறோம். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, சுலபமாக இருக்கிறது என்று செய்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,000 ரூபாய் ஸ்கேன் மூலம் வருகிறது. மாதம் 25 நாள் கடை போட்டால் 25,000 ரூபாய். வருஷத்துக்கு 3 லட்சம். குளிரிலும் மழையிலும் உட்கார்ந்து விற்றது நாம். பேங்க் கணக்கைப் பார்த்தால் நாம் ஒரு ரூபாய்கூட சம்பாதிக்கவில்லை!

நாளைக்கே தொழில் கடன் கேட்டுப் போகிறோம். மேலாளர் கேட்பது, "உங்க கணக்குல வரவு செலவு எங்கம்மா?" என்ன காட்டுவது? தெரு வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாயில் தொடங்கிய முதல் தவணை 2025ல் 15,000 ரூபாயாக உயர்ந்தது. ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த தவணை கூடியது. டிஜிட்டலாகப் பணம் வாங்கும் வியாபாரிக்கு ஊக்கத்தொகையும் வைத்தார்கள். நகராட்சிப் பகுதியில் கடை போடுகிறவர்களுக்கான திட்டம் அது. பணம் வேறொருவர் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால் அந்த ஊக்கத்தொகையை எப்படிக் கேட்பது?

மற்ற ஊர்களில் பார்த்தது

மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2021ல் வெளியானது. பெண்களுக்குப் பேங்க் கணக்கு மட்டும் திறந்து கொடுத்தபோது பெரிய மாற்றம் இல்லை. கூலியை நேராக அவர்கள் கணக்கிலேயே போட்டு, கணக்கைக் கையாளவும் சொல்லிக் கொடுத்தபோது, பெண்கள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் 2007ல் எம்-பெசா என்ற முறை வந்தது. சாதாரண பட்டன் போனிலேயே பணம் வைக்கலாம், அனுப்பலாம். 2016ல் வெளியான ஆய்வு ஒன்று, இதனால் சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டு வியாபாரம் போன்ற தொழிலுக்கு மாறியதாகக் கணக்கிட்டது.

நம் ஊரிலும் 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது 1,000 ரூபாய் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போடப்பட்டது. ஆகவே நம்மில் பலருக்குக் கணக்கு இருக்கிறது. கடைப் பணத்தையும் அதே வழிக்குக் கொண்டுவருவதுதான் மிச்சம்.

நம் பேருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?

1. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போங்கள். உங்கள் கணக்கில் எந்த செல் நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள். அது மகன் நம்பராக இருந்தால் உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். பேங்கில் இருக்கும் நம்பர் உள்ள சிம் போனில் இருந்தால்தான் யு.பி.ஐ. வேலை செய்யும்.

2. ரேஷன் அட்டையில் உள்ள நம்பரையும் பாருங்கள். எஸ்.எம்.எஸ். யார் போனுக்கு வருகிறதோ அவருக்குத்தான் என்ன பொருள் போட்டார்கள் என்று தெரியும். வாங்காத பொருளுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் 1967க்குப் புகார் செய்யலாம்.

3. உங்கள் கணக்கோடு சேர்ந்த புது கியூஆர் அட்டை வாங்குங்கள். தொங்கவிடும் முன் யாரையாவது ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்தவுடன் அவர் போனில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

4. பணம் வந்ததைத் தமிழில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. அதற்குள்ளேயே தனி சிம் இருப்பதால் கடையில் ஸ்மார்ட் போன் இல்லாதபோதும் பேசும். மாத வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

5. குழுவாகக் கடை நடத்தினால் குழுவின் கணக்குக்கே கியூஆர் கிடைக்குமா என்று மேலாளரிடம் கேளுங்கள். அதுவரை ஒருவர் கணக்கில் வாங்கினால் அன்றைய வரவை அன்றைக்கே நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

வீட்டில் சண்டை வருமோ என்று தயங்க வேண்டாம். "குழுவுல எல்லாரும் அவங்கவங்க பேர்ல வைக்கணும்னு தீர்மானம் போட்டிருக்கோம், கடன் வாங்க வசதி" என்று சொல்லுங்கள். கடன் வந்தால் குடும்பத்துக்குத்தானே நல்லது!

ஏமாறாமல் இருக்க

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் அனுப்ப மட்டுமே அது வேண்டும். "காசு அனுப்பறேன், உங்க பின் நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

"பணம் போயிடுச்சு பாருங்க" என்று போனில் படம் காட்டினால் நம்பிவிடாதீர்கள். சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்கள் கணக்கில் வரவு காட்ட வேண்டும். சீசன் கூட்டத்தில் அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது.

தினமும் கடை திறக்கும்போது கியூஆர் அட்டையைத் தடவிப் பாருங்கள். உங்கள் அட்டை மேல் வேறொருவர் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு நடக்கிறது.

வாடிக்கையாளர் கணக்கில் பணம் குறைந்து, கடைக்கு வராமல் போவதும் உண்டு. கோபப்பட வேண்டாம். 2019ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, அப்படிக் கடைக்கு அனுப்பி நின்றுபோன பணம் 5 நாளுக்குள் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அவருக்கு நஷ்டஈடு. இதை நாமே எடுத்துச் சொன்னால் அவர் நம் கடைக்கு மறுபடியும் வருவார்.

பணம் பறிபோனால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாங்கிய பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

சிக்னல் இல்லாத ஊரில்?

மன்னவனூர், கிளாவரை பக்கம் மழை பெய்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். அங்கே கியூஆர் அட்டையை மட்டும் நம்ப முடியாது. பட்டன் போனிலேயே, இன்டர்நெட் இல்லாமல் பணம் அனுப்ப யு.பி.ஐ. 123பே என்ற முறையை 2022 மார்ச் 8 அன்று தொடங்கினார்கள். அதற்கும் போன் பேசும் அளவுக்கு சிக்னல் வேண்டும். ஆகவே கல்லாவில் சில்லறை எப்போதும் இருக்கட்டும். ரொக்கம் மட்டுமே வைத்திருக்கும் வயசான அம்மாவும் நம் வாடிக்கையாளர்தான்.

பொருளுக்கும் பேர் உண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருஷம்தான். நம் மலையின் விருப்பாச்சி வாழைக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. இதனால் இந்தப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தக் குறியீட்டைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

போனில் பார்த்து வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. பெயரையும் லேபிளையும் பார்த்துத்தான் வாங்குகிறார். பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையாக அனுப்பினால் அதோடு நம் பெயர் போய்விடுகிறது. கால் கிலோ பாக்கெட்டாக நாமே கட்டினால், தயாரித்தவர் பெயர், முகவரி, எடை, விலை, பேக் செய்த தேதி, தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். தேன், ஜாம், சாக்லேட், காப்பித்தூள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் வேண்டும். சுற்றுலா வந்தவர் ஊருக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் "இன்னும் ரெண்டு கிலோ அனுப்புங்க" என்று கேட்பது அந்த எண்ணுக்குத்தான். அது யார் நம்பர் என்பதையும் கவனியுங்கள்!

குழுவில் பேசுவோம்

• நம் குழுவில் கடை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேரின் கியூஆர் அவரவர் பேரில் இருக்கிறது?

• பேங்கிலும் ரேஷன் அட்டையிலும் யாருடைய செல் நம்பர் இருக்கிறது?

• போன் தெரிந்த ஒரு உறுப்பினர், தெரியாத இரண்டு பேருக்குச் சொல்லித்தர முடியுமா? எந்த நாளில்?

• சேர்ந்து பாக்கெட் போட்டு ஒரே லேபிளில் விற்கக்கூடிய பொருள் நம்மிடம் எது?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பேர் மாற்ற பேங்குக்கு எந்தத் தேதியில், யார் யார் சேர்ந்து போகிறோம் என்பதையும் எழுதுங்கள். தனியாகப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். பத்துப் பேராகப் போவோம். அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள், தங்கள் குழுவில் எத்தனை பேர் மாற்றியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடு வாருங்கள்.