பொட்டலத்தின் மறுபக்கம்

கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள் என்று நாம் வாடிக்கையாளர்களிடம் ஓயாமல் கூறி வருகிறோம். அதே மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, இம்முறை அடுக்களை அலமாரியைத் திறந்து பார்ப்போம்.

முதலில் ஒரு மருந்துக்கடைச் செய்தி. 1971-ஆம் ஆண்டு, வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பங்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் சேர்த்த நீரை டிரம்களில் நிரப்பி நோயாளிகளைப் பருகச் செய்தார். முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு, நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஓ.ஆர்.எஸ். என்னும் மூன்றெழுத்துக்கு இந்நாட்டில் உண்டான மதிப்பு அவ்வாறு சம்பாதிக்கப்பட்டது.

அக்கரைசலின் வலிமை அதன் அளவில் இருக்கிறது. குடற்சுவரைக் கடக்கையில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே செல்கின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டின்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சர்க்கரை மிகுந்துவிட்டால் நீர் உடலுக்குள் செல்வதற்கு மாறாகக் குடலுக்குள் இழுக்கப்படும், வயிற்றுப்போக்கு கூடும். ஆயினும், இதைவிடப் பல மடங்கு சர்க்கரை கொண்ட பழச்சுவைப் பானங்கள், பெயரிலேயே அம்மூன்றெழுத்தைச் சேர்த்துக்கொண்டு, மருந்துக்கடைகளிலேயே விற்கப்பட்டு வந்தன. பதறி ஓடிவரும் தாய், அட்டைப்பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பாளா?

ஐதராபாத்தின் குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று’ என்ற குறிப்புடன் அப்பெயரைப் பயன்படுத்தலாம் என 2022-இல் அளிக்கப்பட்ட இசைவை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் திரும்பப் பெற்றது. பெரிய எழுத்தில் ஒன்றைக் கூறிவிட்டுச் சிறிய எழுத்தில் அதை மறுப்பது அறிவிப்பு ஆகாது என்பதே எமது கருத்தும்.

பொட்டலத்தின் முன்புறம் விற்பனையாளர் பேசும் இடம். பின்புறம் சட்டம் அவரைப் பேசவைக்கும் இடம். மூலப்பொருள்கள் எடை அல்லது கொள்ளளவின் இறங்கு வரிசையில் அச்சிடப்படவேண்டும் என்பது விதி. ‘பல்தானிய’ பிஸ்கட்டில் முதற்பெயர் மைதாவாக இருந்தால், தானியங்கள் விருந்தினர்களே. சர்க்கரை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடாமலிருக்க அதைக் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் எனப் பிரித்துப் போடும் வழக்கமும் உண்டு. அனைத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். ஐஸ்கிரீம் என்று நாம் வாங்குவதில் சில ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அதில் பால் கொழுப்பின் இடத்தில் தாவர எண்ணெய் இருக்கிறது. அது குற்றமன்று, ஆனால் ஐஸ்கிரீமும் அன்று.

ஊட்டச்சத்து அட்டவணையில் கண்ணை ஏமாற்றுவது ‘ஒரு பரிமாறல்’ என்னும் சொல். நூறு கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் உள்ள நொறுக்குத் தீனி ஒன்றைக் கொள்வோம். பரிமாறல் 20 கிராம் என்று போட்டுவிட்டால் சோடியம் 160 மில்லிகிராம். நாளொன்றுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் 2000 மில்லிகிராமில் வெறும் எட்டு விழுக்காடு. ஆனால் 60 கிராம் பொட்டலத்தைப் பிரித்த பிள்ளை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவதில்லை. உள்ளே சென்றது இருபத்துநான்கு விழுக்காடு. சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கான அளவுகோல் 50 கிராம், நிறைவுற்ற கொழுப்புக்கு 22 கிராம். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் அட்டவணையைப் படிப்பது எளிதாகிவிடும்.

பதினான்கு இலக்க எண் ஒன்று ஒவ்வொரு பொட்டலத்திலும் இருக்கும். ஒன்றில் தொடங்கினால் உரிமம். இரண்டில் தொடங்கினால் சிறு தொழில்களுக்கான பதிவு. தயாரிப்பாளர் யார் என்பதை அறிய அது உதவும். பண்டம் உடலுக்கு நல்லது என்பதற்கு அது சான்று அன்று. பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு முன்பிருந்த பழுப்பு வட்டம் இப்போது பழுப்பு முக்கோணம். நிறவேறுபாடு காண இயலாதவர்களும் வடிவத்தைக் கொண்டு அறிந்துகொள்ளலாம்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தில் பலரும் அறியாத பிரிவு ஒன்றுண்டு. நாற்பதாம் பிரிவின்படி, வாங்கிய உணவுப்பொருளைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை சாதாரண நுகர்வோருக்கும் இருக்கிறது. வாங்கும்போதே அந்நோக்கத்தைக் கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என அறிக்கை கூறினால் செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையும், தவறான முகப்புச்சீட்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். முறையிட விரும்புவோர் பொட்டலத்தை எறிந்துவிடாமல், தொகுதி எண்ணும் தேதியும் தெரியுமாறு படமெடுத்து, விலைச்சீட்டோடு வைத்துக்கொள்ளவும். ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ, 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையீட்டைப் பதிவு செய்யலாம்.